கணக்குக் கேட்கும் உரிமையும் கடமையும்: கேமரன் மலைத் தேர்தல் வழக்கை முன்வைத்து

ஆட்சிப் பொறுப்பில் இருப்பவர், தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அதிகாரத்தையும் பொதுப் பணத்தையும் எவ்வாறு பயன்படுத்தினார் என்று ஒப்படைத்த மக்களுக்கு விளக்கம் தருவதும், அவ்விளக்கம் நிறைவளிக்காதபோது அதற்குரிய விளைவை ஏற்பதும் சேர்ந்ததே பொறுப்புக்கூறல் எனப்படும். தமிழ் மண்ணுக்கு இக்கருத்து புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்று விதித்தது. அதே கல்வெட்டு, பொதுவாகக் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் கட்டிய வீடும் உடையவரையே உறுப்பினராக ஏற்றது. கணக்குக் கேட்கும் நெறியும் உடைமையற்றவரை வாசலுக்கு வெளியே நிறுத்தும் வரம்பும் அங்கே ஒருசேரப் பொறிக்கப்பட்டன. மலேசியாவின் பகாங் மாநிலத்தில் உள்ள கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில், நிலமோ சொந்த மனையோ இல்லாத குடும்பங்களின் கையிலும் இன்று வாக்கு இருக்கிறது. அந்த வாக்கைக் கொண்டு தலைவர்களிடம் எவ்வளவு கணக்குக் கேட்க முடிகிறது, முடியாதபோது குறை யாருடையது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

2018 மே 9 அன்று நடந்த 14ஆவது பொதுத் தேர்தலில், கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதியில் தேசிய முன்னணிக் கூட்டணியின் மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) வேட்பாளர் சி. சிவராஜ், ஜனநாயக செயல் கட்சியின் மு. மனோகரனை 597 வாக்குப் பெரும்பான்மையில் வென்றார். மனோகரன் தேர்தல் மனு தாக்கல் செய்தார். தேர்தல் மனு என்பது, ஒரு தொகுதியின் முடிவு முறைகேட்டால் பெறப்பட்டது எனக் கூறி அதைச் செல்லாததாக்குமாறு நீதிமன்றத்தை வேண்டும் வழக்கு ஆகும். மனுவை விசாரித்த தேர்தல் நீதிமன்றம், ஓராங் அஸ்லி எனப்படும் பூர்வகுடி வாக்காளர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டதை ஏற்று, அதே ஆண்டு நவம்பர் 30 அன்று அம்முடிவைச் செல்லாது என்று அறிவித்தது.

இந்த வழிமுறையின் வலிமையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. வாக்குக்குப் பணம் கொடுப்பது ஊரறிந்த செய்தியாக இருந்தும் மெய்ப்பிக்க முடியாத குற்றமாகவே பல நாடுகளில் நீடிக்கும் நிலையில், எளிய வாக்காளர்களின் சாட்சியம் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் வெற்றியைக் கலைத்தது என்பது சிறிய செய்தியன்று. அதன் விளைவும் நாற்காலி மாறியதோடு நிற்கவில்லை. 2019 ஜனவரி 26 அன்று நடந்த இடைத்தேர்தலில், 2004 முதல் ம.இ.கா. போட்டியிட்டு வந்த அத்தொகுதியில், செமாய் இனத்தைச் சேர்ந்த ரம்லி முகமட் நோர் தேசிய முன்னணி வேட்பாளராக நின்று, மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஓராங் அஸ்லி உறுப்பினரானார். விலைபேசப்பட்ட சமூகத்திலிருந்தே ஒருவர் அந்தச் சமூகத்தின் குரலாக அவைக்குச் சென்றார்.

ஆயினும் குறைகள் அதே நிகழ்விலேயே வெளிப்படுகின்றன. வெற்றி செல்லாதென அறிவிக்கப்பட்ட அதே கூட்டணி, இடைத்தேர்தலில் 3,238 வாக்குப் பெரும்பான்மையில் மீண்டும் வென்றது. மக்கள் விரும்பிய கூட்டணியை மீண்டும் தேர்ந்தெடுப்பது அவர்கள் உரிமை. ஆனால் முறைகேட்டைத் தடுக்காத கூட்டணி அதற்காகத் தொகுதியை இழக்கவில்லை என்பதும் உண்மை. மேலும், வாக்களிக்கும் உரிமையுள்ள எவரும் மனு தொடரச் சட்டம் இடம் தந்தாலும், பிணைத்தொகையும் வழக்கறிஞர் செலவும் அந்த உரிமையைத் தோற்ற வேட்பாளருக்கும் அவர் கட்சிக்கும் உரியதாகவே நடைமுறையில் ஆக்கிவிடுகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, தேர்தல் மனு வெற்றி பெற்ற விதத்தை மட்டுமே விசாரிக்கிறது. வென்றவர் அதன்பின் என்ன செய்தார், என்ன செய்யத் தவறினார் என்பது அதன் எல்லைக்குள் வருவதில்லை.

குடிமக்களின் பங்கு பற்றிய வினா இங்கேதான் எழுகிறது. மலேசியாவின் 1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, வாக்குக்குப் பணம் கொடுப்பவரோடு வாங்குபவரையும் குற்றவாளியாகவே கொள்கிறது. கொள்கையளவில் இது சரி. வாங்கும் கை இல்லையேல் கொடுக்கும் கை நீளாது. ஆனால் இருவரின் பொறுப்பும் ஒரே எடையுள்ளதா என்பதைத் தனியே நிறுத்துப் பார்க்க வேண்டும். இவ்வழக்கில் பேசப்பட்ட தொகைகள் 30 ரிங்கிட் முதல் 1,000 ரிங்கிட் வரையிலானவை. அத்தேர்தல் நடந்தபோது தீபகற்ப மலேசியாவின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,000 ரிங்கிட். மேல்தொகை, ஒரு தொழிலாளி மாதம் முழுவதும் சரிவில் நின்று கொழுந்து பறித்து ஈட்டுவதற்கு நிகரானது. அதை நீட்டுபவருக்கு அது பிரசாரச் செலவு. வாங்குபவருக்கு அது வீட்டு அரிசியும் பிள்ளையின் பள்ளிச் செலவும். வாங்கியது தவறே, எனினும் வறுமையைக் கணக்கிட்டு விலை வைத்தவரின் தவறு அதனினும் கனமானது.

தோட்டப்புறத் தமிழரின் நிலை இதற்கு வெகு தொலைவில் இல்லை. 1929இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் முதலாக இம்மலையில் காடழித்துத் தேயிலை நட்டதில் தமிழ்த் தொழிலாளர் உழைப்பு பெரிது. வேலை உள்ளவரை லயத்து வீடு, வேலை முடிந்தால் வீடும் இல்லை என்ற தோட்ட வழக்கம், கேள்வி கேட்பதை ஆபத்தான செயலாகத் தலைமுறைகளுக்குக் கற்பித்தது. கங்காணி, கிராணி, துரை என்ற படிவரிசைக்குப் பழகியவர்கள், அரசியல் தலைவரையும் அதே வரிசையின் உச்சியில் வைத்துப் பார்த்தனர். தேர்தல் காலத்தில் தமிழ்ப்பள்ளிக்கும் கோயிலுக்கும் அறிவிக்கப்படும் மானியத்தை, தம் வரிப்பணத்தின் பங்காகக் கருதாமல் தலைவர் தந்த கொடையாகக் கருதி மாலையிட்டு வரவேற்பது அப்பார்வையின் தொடர்ச்சியே. கொடைக்கு நன்றிதான் சொல்ல முடியும். கணக்குக் கேட்க முடியாது. இன்று தோட்டங்களில் பறிப்பவர்களில் பலர் வங்காளதேசம், நேபாளம் போன்ற நாடுகளிலிருந்து வந்த, வாக்கற்ற தொழிலாளர்கள் என்பதால், அவர்களுக்காகவும் கேட்க வேண்டிய கூடுதல் கடமை வாக்குள்ளவர்மீது விழுகிறது.

கேட்பவர்கள்கூடப் பலவேளைகளில் உரியவரிடம் கேட்பதில்லை. 2013 அக்டோபர் 23 அதிகாலையில் ரிங்லெட் அருகே சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டு, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் புகுந்து உயிர்கள் பலியாயின. மலைச்சரிவுகளைக் காய்கறித் தோட்டங்களுக்காகக் கண்மூடித்தனமாக வெட்டியதால் வண்டல் சேர்ந்து நீர்த்தேக்கம் தூர்ந்திருந்தது. அன்று அத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரான ஜி. பழனிவேல் இயற்கைவள, சுற்றுச்சூழல் அமைச்சருமாக இருந்ததால், கேள்விகள் அவரை நோக்கிச் சென்றது இயல்பே. ஆனால் கூட்டரசு அரசியலமைப்பின்படி நிலம் மாநில அரசின் அதிகாரம். அணை மின் நிறுவனத்தின் பொறுப்பு. உள்ளூர்க் கட்டுப்பாடு மாவட்ட மன்றத்தின் வேலை. அந்த மன்ற உறுப்பினர்களையோ மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. 1965இல் நிறுத்தப்பட்ட உள்ளாட்சித் தேர்தல் மலேசியாவில் இன்றுவரை திரும்பவில்லை. அதிகாரம் இப்படிப் பல கைகளில் பிரிந்து கிடக்கும்போது, ஒவ்வொரு கையும் அடுத்த கையைக் காட்டித் தப்ப முடிகிறது. நில அதிகாரம் கொண்ட பகாங் மாநில அரசின் மந்திரி பெசாராக, அதாவது மாநில முதல்வராக, 2018 முதல் இருக்கும் வான் ரோஸ்டி வென்ற ஜெலாய் சட்டமன்றத் தொகுதி, கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதிக்குள்ளேயே அடங்குகிறது; நிலம் பற்றிக் கேட்க வேண்டியவர் தொலைவில் இல்லை என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

மக்கள் எப்படியோ தலைவர்களும் அப்படியே என்ற வாதம் அடிக்கடி எழுப்பப்படுகிறது. அது அதிகாரம் உள்ளவரின் குற்றத்தை அதிகாரம் இல்லாதவர் தலையில் இறக்கிவைக்கும் வாதமாக மாறிவிடக் கூடாது. பொறுப்பு அதிகாரத்தின் அளவுக்கு ஏற்பவே பங்கிடப்பட வேண்டும், முதற்பங்கு தலைவருடையது. எனினும் குடிமக்களின் பங்கு சிறிதாக இருப்பதால் அது இல்லை என்றாகிவிடாது. 2013இல் இத்தொகுதியின் பெரும்பான்மை 462, 2018இல் 597. அத்தேர்தல்களில் சில லயங்களின் வாக்கே முடிவை மாற்றியிருக்கக்கூடிய தொகுதியில், தோட்ட மக்கள் தம்மை வலுவற்றவர் என்று எண்ணுவதற்குக் காரணமில்லை.

ஆகவே தேர்தல் மனு தேவையான கருவி. ஆனால் போதாத கருவி. அது தீயணைப்பு வண்டி போன்றது, தீ பிடிக்காமல் காக்கும் வேலை ஊராருடையது. சங்கம், கோயில் நிர்வாகம், பெற்றோர் ஆசிரியர் சங்கம் என ஏற்கெனவே உள்ள அமைப்புகள் வழியாக, நிலத்துக்கு மாநிலச் சட்டமன்ற உறுப்பினரிடமும், சாலைக்கும் வடிகாலுக்கும் மாவட்ட மன்றத்திடமும், சட்டத்துக்கு நாடாளுமன்ற உறுப்பினரிடமும் எழுத்தில் கேட்டு, பெற்ற பதிலை அடுத்த தேர்தல்வரை பாதுகாத்து வைப்பதே அந்த வேலையின் தொடக்கம். சொந்த மனை இல்லாதவருக்கு உத்திரமேரூர் சபையில் இடமில்லை. இன்றைய வாக்குச்சீட்டு அவருக்கு இடம் தந்திருக்கிறது. அந்த இடத்திலிருந்து கணக்குக் கேட்க வேண்டியவர் அவர்தாம்.