"ஐந்து முறை பயன்படுத்தினோம்" என்றால் என்ன அர்த்தம்?

பலேடியத்தைக் கரியிலோ சிலிக்காவிலோ காந்தத் துகளிலோ ஏற்றி, "மீட்டு மறுபடி பயன்படுத்தலாம்" என்று சொல்லும் கட்டுரைகளைக் கொஞ்ச நாளாக வாசித்து வருகிறேன். பலவற்றில் கடைசியில் ஒரு வரைபடம் வரும். ஐந்து கம்பங்கள், கிட்டத்தட்ட ஒரே உயரம். முதல் முறை 98% விளைச்சல், ஐந்தாம் முறை 95% என்கிற மாதிரி. கீழே, "செயல்திறன் பெரிதாகக் குறையவில்லை" என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

இந்த வரைபடத்தை மட்டும் வைத்து நான் நம்ப மாட்டேன். ஏன்னு ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

வினை 10 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. ஆனால் ஆய்வாளர் 12 மணி நேரம் விட்டுவைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் வினையூக்கியின் திறனில் பாதி போய்விடுகிறது. அப்படியானால் இரண்டாம் முறை 20 நிமிடம் ஆகும், பிறகு 40, 80, ஐந்தாம் முறை 160. அப்பவும் 12 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். விளைச்சல் அதே 98%. ஆனால் திறனில் பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம்! கம்பம் இறங்குவதைப் பார்க்க எட்டாம் முறை வரை போகணும். கட்டுரையோ ஐந்திலேயே நின்றுவிடுகிறது. கிறிஸ்டோபர் ஜோன்ஸ் 2010-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார்: அளக்க வேண்டியது வேகத்தை, இறுதி விளைச்சலை அல்ல.

அடுத்தது கசிவு. ஹெக் போன்ற வினைகளில் பலேடியம் சூட்டில் கரைசலுக்குள் இறங்கி, அங்கேயே வேலையை முடித்துவிட்டு, ஆறும்போது திடப்பொருளில் மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். ஆறிய பிறகு வடிகட்டி "கசிவே இல்லை" என்றால் எப்படி? திரவநிலை ஆக்சிஜனேற்ற வினையூக்கிகளைப் பற்றி 1998-இல் எழுதிய ஷெல்டன் குழு, இவை ரசவாதக் கல்லா, ட்ரோஜன் குதிரையா என்று தலைப்பிலேயே கேட்டது. வினை பாதியில் இருக்கும்போது, சூடாகவே வடிகட்டணும். தெளிந்த கரைசலில் வினை தொடர்ந்தால் குட்டு உடைந்தது. தொடராவிட்டாலும் முழு நிம்மதி இல்லை. வடிகட்டும்போதே உலோகம் ஒட்டியிருக்கலாம்.

இது வெறும் ஆய்வகச் சண்டை இல்லை. வாய்வழி மருந்தில் பலேடியத்துக்கு ஐசிஎச் வழிகாட்டுதல் வைத்திருக்கும் வரம்பு நாளைக்கு 100 மைக்ரோகிராம். கசிந்து திரும்பாத உலோகம் மருந்தோடுதான் போகும். அதை நீக்கத் தனிச் செலவு.

மீட்பே வீண் என்று சொல்லவில்லை. தீர்ந்துபோன பலேடியம்-கரியைத் தொழிற்சாலைகள் சுத்திகரிப்பாளர்களுக்கு அனுப்பி, எரித்து, உலோகத்தைப் பிரித்தெடுக்கின்றன. ஆனால் உலோகத்தை மீட்பது வேறு, வினையூக்கியை மீட்பது வேறு. கட்டுரைகள் பல நேரம் இரண்டையும் குழப்புகின்றன.

அடுத்த முறை அந்த ஐந்து கம்பங்களைப் பார்த்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: 12 மணி நேரம் கழித்து எவ்வளவு என்பது இருக்கட்டும், ஐந்தாம் முறையில் முதல் 5 நிமிடத்தில் எவ்வளவு முடிந்தது?