எங்கிருந்து தொடங்குவது? - 'டொக்டர் ஹூ' தொடர் பற்றிச் சில சிந்தனைகள்

மிக நீண்ட படைப்பொன்றை முதன்முதலாக அணுகுபவர் கேட்கும் வினா எளியது: எங்கிருந்து தொடங்குவது? வினா எளிதாயினும் விடை எளிதன்று. தொடங்குமிடத்தைச் சுட்டுபவர், அப்படைப்பிலே தாம் எதனை மதிக்கிறார், எதனை ஒதுக்குகிறார் என்பதையும் அவ்விடையினூடாகவே வெளியிட்டு விடுகிறார். வாயிலைக் காட்டுவதும் ஒருவகை விமர்சனமே. 1963 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆந் திகதி பி.பி.சி. தொடங்கிய 'டொக்டர் ஹூ' என்னும் விஞ்ஞானக் கற்பனைத் தொலைக்காட்சித் தொடரைப் பற்றி இவ்வினா அடிக்கடி எழுப்பப்படுகிறது. 1989 இல் நிறுத்தப்பட்டு, 2005 இல் மீண்டும் உயிர்பெற்று, எண்ணூறுக்கு மேற்பட்ட பகுதிகளாக விரிந்து கிடக்கும் இத்தொடரின் முன்னே புதியவர் திகைத்து நிற்பதில் வியப்பில்லை.

தொடரின் அடிப்படையைச் சில வாக்கியங்களிற் கூறிவிடலாம். தன் இனத்தாரைப் பிரிந்து காலத்திலும் வெளியிலும் அலையும் ஒருவர். டொக்டர் என்பதே அவர் பெயர். அவருடைய ஊர்தி, இலண்டன் தெருக்களில் ஒருகாலத்தில் நின்ற நீலநிறப் பொலிஸ் பெட்டியின் தோற்றமுடையது. வெளியே சிறியது, உள்ளே பெரியது. அவருடன் பயணஞ் செய்வோர் பெரும்பாலும் சாதாரண மனிதர். மரணம் நெருங்கும்போது டொக்டர் மாய்வதில்லை. வேறோர் உருவமும் வேறோர் இயல்பும் பெற்று எழுகிறார். முதல் நடிகரான வில்லியம் ஹார்ட்னெல் உடல்நலங் குன்றிய நிலையில் 1966 இல் விலகியபோது, தொடரைக் கைவிடாமல் நடத்துவதற்காகக் காணப்பட்ட உபாயம் அது. தேவையிற் பிறந்த அவ்வுபாயமே பின்னர் தொடரின் உயிர்நாடியாயிற்று. ஒவ்வொரு புதிய டொக்டரும் வரும்போது புதியவர்க்கும் ஒரு வாயில் திறக்கின்றது.

இத்தகைய படைப்புக்கள் வாழ்க்கையினின்றும் தப்பியோட விரும்புவோர்க்கே உரியன என்று கூறி ஒதுக்குவோர் முற்போக்காளரிடையேயும் உளர். நாமும் ஒருகால் அவ்வாறே கருதினோம். அக்கருத்து தவறென்பதைப் படைப்பே எமக்கு உணர்த்திற்று. கதை எந்தக் கிரகத்தில் நிகழ்கிறது என்பதன்று கேள்வி. அங்கே மனிதனுக்கும் மனிதனுக்குமுள்ள உறவு எவ்வாறு காட்டப்படுகிறது என்பதே கேள்வி. அவ்வுறவை மறைக்கும் கதை அயல்வீட்டில் நிகழ்ந்தாலும் பொய்யானதே. அதனைத் துலக்கும் கதை விண்மீன்களுக்கு அப்பால் நிகழ்ந்தாலும் மெய்யானதே.

புதியவர்க்கு வழக்கமாகக் கூறப்படும் விடைகளுள் இரண்டை முதலில் நோக்குவோம்.

முதலாவது விடை: "ஆதியிலிருந்து தொடங்குக." இது பண்டிதரின் விடை. இலக்கணம் முழுவதையுங் கற்று முடித்த பின்னரே கவிதையைத் தொடலாம் என்று மாணவனை வாயிலில் நிறுத்தி வைக்கும் குரல் எமக்குப் புதியதன்று. அவ்வாறு நிறுத்தப்பட்ட மாணவன் கவிதைக்கு வந்து சேர்வது அரிது. அன்றியும், இங்கு ஆதியிலிருந்து ஒழுங்காகச் செல்வது இயலாத காரியம். ஒளிப்பதிவு நாடாக்களை மீண்டும் பயன்படுத்துவதற்காகவும், களஞ்சியத்தில் இடம் பெறுவதற்காகவும் பி.பி.சி. பழைய பதிவுகளை அழித்தது. அதனால் 1960 களில் ஒளிபரப்பான பகுதிகளில் தொண்ணூறுக்கு மேற்பட்டவை இன்று படமாகக் கிடைப்பதில்லை. வெகுசனக் கலை பாதுகாக்கத் தக்கதன்று என்று எண்ணிய ஒரு நிறுவனம் தன் கையாலேயே தன் வரலாற்றை அழித்த கதை இது. வானொலியாயினும் நாடகமாயினும், மக்கள் விரும்பிச் சுவைப்பதை ஏளனஞ் செய்வோர் யாவரும் இதனை நினைவிற் கொள்ளல் நன்று.

இரண்டாவது விடை: "மிகச் சிறந்த பகுதியிலிருந்து தொடங்குக." இவ்வாறு கூறுவோர் பலரும் 2007 இல் வெளிவந்த 'பிளிங்க்' என்னும் பகுதியையே சுட்டுவர். ஸ்டீவன் மொஃபற் எழுதிய இதில் டொக்டர் சிறிது நேரமே தோன்றுகிறார். பார்க்கும்போது கல்லாய் நிற்பதும், கண்ணிமைத்தால் நெருங்கி வருவதுமான சிலைகள். காலத்தைக் குறுக்கும் நெடுக்குமாய்ப் பின்னிய கதை. கட்டுக்கோப்பில் ஒரு குறையுஞ் சொல்ல இயலாது. முன்னறிவு வேண்டியதில்லை என்பதும் உண்மை. ஆயினும் நாம் இதனை முதல் வாயிலாகக் காட்டோம். அதன் அச்சம் கண்ணிமையோடு பிறந்து கண்ணிமையோடு மறைவது. அச்சிலைகளைக் கண்டு அஞ்சுவோர் எவ்வாறு பிழைக்கின்றனர், எதற்காக உழைக்கின்றனர், எவரால் ஒடுக்கப்படுகின்றனர் என்ற கேள்விகளுக்கு அங்கு இடமில்லை. உருவத்தின் வெற்றியை நாம் மறுக்கவில்லை. உருவத்தின் வெற்றியை மட்டும் முதலிற் கண்டவர், தொடர் முழுவதையும் ஒரு புதிராகவே எண்ணிவிடக்கூடும் என்றே அஞ்சுகிறோம்.

அவ்வாறாயின் எமது விடை யாது? 2005 ஆம் ஆண்டு மார்ச் 26 ஆந் திகதி ஒளிபரப்பான 'ரோஸ்' என்னும் பகுதியிலிருந்து தொடங்குக என்போம். பதினாறு ஆண்டுகளாகத் தொடராய் வராதிருந்ததை மீட்டெடுத்த எழுத்தாளர் ரஸல் ரி. டேவிஸ், டொக்டரின் கண்ணால் உலகைக் காட்டவில்லை. மணிக்கூட்டின் ஒலியில் விழித்தெழுந்து, பஸ் ஏறி வேலைக்குச் செல்லும் பத்தொன்பது வயதுக் கடைச் சிப்பந்திப் பெண் ஒருத்தியின் கண்ணாற் காட்டினார். ரோஸ் ரைலர் இலண்டனில் அரச குடியிருப்புத் தொடர்மாடியொன்றில் தாயுடன் வாழ்பவள், உயர்கல்வி பெறாதவள். அவள் வேலைசெய்யும் பெருங்கடையின் ஆடைப் பொம்மைகளே உயிர்பெற்று மனிதரைக் கொல்ல வருகின்றன. விற்பனைப் பொருளின் உருவம் விற்பவளையே வேட்டையாடும் இக்காட்சிக்குப் பொழிப்புரை வேண்டியதில்லை.

அதனினும் முக்கியமானது கதையின் முடிவு. எல்லாம் அறிந்த டொக்டர் பகைவர் பிடியிற் சிக்கிச் செயலற்று நிற்கிறார். பள்ளிப் பருவத்தில் உடற்பயிற்சிப் போட்டியொன்றில் வெண்கலப் பதக்கம் பெற்றதைத் தவிர வேறு பெருமையில்லாத அப்பெண், சங்கிலியொன்றைப் பற்றி ஊசலாடிப் பாய்ந்து அவரை மீட்கிறாள். சாமானியர் மீட்கப்படுவோர் மட்டுமல்லர், மீட்போருமாவர் என்பதை நாற்பத்தைந்து நிமிடத்திற்குள் இப்பகுதி நிறுவுகிறது. அன்றிரவு பிரித்தானியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் இதனைப் பார்த்தனர். நகைச்சுவை சில இடங்களில் மலினமானது என்பது உண்மையே. எனினும் தொடரின் மையமான உறவை இதனினுந் தெளிவாகக் கூறும் தொடக்கம் வேறில்லை.

இரண்டாவதாக, 1970 இல் ஏழு பகுதிகளாக வந்த 'டொக்டர் ஹூவும் சிலூரியரும்' என்னும் கதையைப் பார்க்கலாம். எழுதியவர் மல்கம் ஹல்க். பிரித்தானியக் கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினராயிருந்தவர். டொக்டராக நடித்தவர் ஜோன் பேர்ட்வீ. மனிதன் தோன்றுவதற்கு முன்னர் பூமியை ஆண்ட ஊர்வன இனமொன்று, நிலத்தடியில் நெடுந்துயில் கொண்டிருந்து, அணுவாராய்ச்சி நிலையமொன்றின் அருகே விழித்தெழுகிறது. அவர்கள் வேற்றுலகிலிருந்து படையெடுத்து வந்தவரல்லர். தங்கள் மண்ணுக்கே திரும்பியவர்கள். ஆகவே அவர்களைக் கொடியவர் என ஒதுக்கிவிட முடிவதில்லை. மண் யாருக்குரியது? முன்னிருந்தவர்க்கா, இன்றிருப்பவர்க்கா? இருசாராரும் ஒருங்கே வாழ வழியில்லையா? ஹல்க் இரு தரப்பிலும் சமாதானம் விரும்புவோரையும் போர் விரும்புவோரையும் படைக்கிறார். சமாதானத்தை நாடிய முதிய தலைவனை அவனது இனத்தானே கொல்கிறான். இறுதியில், மீண்டுந் துயிலச் சென்ற அவ்வினத்தாரை ஒவ்வொருவராக எழுப்பிப் பேச்சுவார்த்தை நடத்தலாமென டொக்டர் நம்பியிருக்கையில், அவருடைய நண்பரான இராணுவ அதிகாரியே அவர்களின் இருப்பிடத்தை வெடிவைத்துத் தகர்த்து விடுகிறார். டொக்டர் தோற்கிறார். மேலிடத்துக் கட்டளை என்ற பெயரில் கொலை நியாயமாகிவிடும் உலகில் அறிவு மட்டும் போதாது என்ற கசப்பான உண்மையை, சிறுவர்க்கும் உரிய ஒரு சனிக்கிழமை மாலை நிகழ்ச்சி மழுப்பாமற் கூறியது.

மூன்றாவது, 1975 இல் வெளிவந்த 'டலெக்குகளின் தோற்றம்'. ரெரி நேஷன் எழுதியது. ரொம் பேக்கர் நடித்தது. இரும்புக் கூட்டினுள் வாழும் டலெக்குகள் 1963 டிசம்பரிலேயே தொடரில் நுழைந்தன. தம்மைப்போல் அல்லாத எதனையும் அழிக்க வேண்டுமென்ற வெறியே அவற்றின் இயல்பு. பாசிசத்தின் உருவகம் அவை என்பது வெளிப்படை. இந்த ஆறு பகுதிக் கதை, அவற்றை ஒரு போர் எவ்வாறு பிறப்பித்தது என்று காட்டுகிறது. ஆண்டு ஆயிரம் நீடித்த யுத்தம், பதுங்குகுழிகள், இனத்தூய்மை பேசும் சீருடையினர், அவர்களுக்குப் பணிபுரியும் விஞ்ஞானி டவ்ரோஸ். டலெக்குகளைக் கருவிலேயே அழிக்கும் வாய்ப்பு டொக்டர் கைக்குக் கிட்டுகிறது. இரு மின்கம்பிகளைத் தொடவைத்தால் போதும். அவர் தயங்குகிறார், அழித்தால் தானும் அவற்றைப் போலாகி விடலாம் என்கிறார். இத்தயக்கத்தைப் பலர் உன்னத மனிதாபிமானம் எனப் போற்றுவர். நாம் அவ்வளவு எளிதில் உடன்பட இயலாது. பாசிசத்தின் முன்னே கைகட்டி நின்று தன் மனச்சாட்சியின் தூய்மையைப் பேணும் தாராளவாதியின் குரலும் அங்கே கேட்கவில்லையா? எனினும், இவ்விவாதத்தை எழுப்ப இடந்தருவதே அக்கதையின் சிறப்பு. புதியவர் இதனைத் தனியே பாராது, பலருடன் பார்த்து விவாதித்தல் பயன்தரும்.

நான்காவதாக நாம் கூறுவது, துணைக்கண்டத்து மக்களின் நெஞ்சை நேரே தொடும் ஒரு பகுதி. 2018 நவம்பர் 11 இல் ஒளிபரப்பான 'பஞ்சாபின் பேய்கள்' என்னும் அதனை வினய் பட்டேல் எழுதினார். அப்போது டொக்டராக நடித்தவர் ஜோடி விற்றேக்கர் என்னும் பெண்மணி. டொக்டருடன் பயணஞ் செய்யும் யாஸ்மின் கான் என்னும் இளம்பெண் தன் பாட்டியின் இளமையைக் காண 1947 ஆகஸ்ட் மாதத்துப் பஞ்சாபுக்குச் செல்கிறாள். அங்கே பாட்டி உம்பிரீன் ஒரு முஸ்லிம். அவள் மணக்கவிருக்கும் பிரேம் ஓர் இந்து. புதிய எல்லைக்கோடு அவர்களின் நிலத்தை ஊடறுத்துச் செல்கிறது. கொடியவர் எனச் சந்தேகிக்கப்பட்ட வேற்றுலகினர், தனிமையில் மடிவோர்க்குச் சாட்சியாய் நிற்க வந்தவர்களென்பது பின்னர் தெரியவருகிறது. கொலைஞர் மனிதரே, பிரேமின் சொந்தத் தம்பியே மதவெறியரை அழைத்து வருகிறான். டொக்டரால் எதையுந் தடுக்க இயலவில்லை. துப்பாக்கியொலி கேட்கையில் அவர் திரும்பிப் பாராமல் நடந்து செல்லும் காட்சி எளிதில் மறக்கத் தக்கதன்று. கோட்டை வரைந்த ஏகாதிபத்தியத்தின் கை கதையிற் போதிய அளவு முன்னிறுத்தப்படவில்லை என்பது எமது குறை. ஆயினும் நேற்றுவரை ஒரே மேசையில் உண்டவன் இன்று பகைவனாவது எவ்வாறு என்பதை இத்துணைச் சுருக்கமாகவும் நேர்மையாகவும் கூறிய தொலைக்காட்சி நாடகங்கள் சிலவே.

இந்நான்கையுங் கண்டபின் 1963 க்குத் திரும்பலாம். இப்போது முதற் கதை பண்டிதர் விதிக்கும் கடமையாக இராது. வேரைத் தேடிச் செல்லும் ஆவலாக இருக்கும். அதனைத் தயாரித்த வெரிற்றி லம்பேட் 27 வயதுப் பெண்; நெறிப்படுத்திய வாரிஸ் ஹுசைன் லக்னோவிற் பிறந்த இளைஞர். ஆண்களும் வெள்ளையரும் கோலோச்சிய நிறுவனத்தில் இவ்விருவர் கையில் தொடர் பிறந்தது என்பது கவனிக்கத் தக்கது. அம்முதற் கதையில் டொக்டர் வீரரல்லர். கற்கால மனிதரிடமிருந்து தப்பியோடுகையில், காயமுற்றுக் கிடக்கும் ஒருவன் தடையாய் இருக்கிறானெனக் கருதி அவர் கல்லொன்றைக் கையிலெடுக்கிறார். அவர் கையைப் பிடித்துத் தடுப்பவர் ஒரு பள்ளி ஆசிரியர். டொக்டர் மனிதரிடமிருந்தே மனிதத்தைக் கற்றார். கடைச் சிப்பந்தி ரோஸுக்கு முன்னோடிகள் இலண்டன் பாடசாலையொன்றின் இரு ஆசிரியர்களே.

இத்தொடரில் யாவும் நல்லனவென நாம் கூற வரவில்லை. 1977 இன் 'வெங்-சியாங்கின் நகங்கள்' என்னும் கதையில் வெள்ளை நடிகரொருவர் சீனராக ஒப்பனையிட்டு நடித்தார். சீனர் சித்திரிக்கப்பட்ட முறை இழிவானது. கதையமைப்பின் திறனைக் காட்டி அதனை மன்னிக்கச் சொல்வோருக்கு நாம் உடன்படோம். 2018 இன் 'கேர்ப்ளாம்!' இன்னும் நுட்பமான சறுக்கல். ராட்சதப் பண்டகசாலையொன்றில் இயந்திரங்கள் மனிதரின் வேலையைப் பறிக்கின்றன. சிப்பந்திகள் சதா கண்காணிக்கப்படுகின்றனர். இவ்வளவையுங் காட்டிவிட்டு, கொலைக்குத் துணிந்தவன் ஒரு தொழிலாளி, அமைப்பிற் குற்றமில்லை, அதைப் பயன்படுத்தும் முறையிலேயே குற்றம் என்ற முடிவுக்குக் கதை வந்து சேர்கிறது. கம்பனி சிறு சலுகைகள் அளிக்கிறது. டொக்டர் திருப்தியுடன் புறப்படுகிறார். புதியவர் இவற்றைப் பார்க்கக் கூடாதென நாம் தடுக்கவில்லை. இறுதியிற் பார்க்கட்டும், அப்போது எதிர்த்து வினவும் பயிற்சி அவரிடம் இருக்கும்.

இவ்விரு போக்குகளும் ஒரே தொடரில் இருப்பது தற்செயலன்று. 'காலத்தின் பிரபுக்கள்' எனப்படும் உயர்குலத்திற் பிறந்த ஒருவர், கீழே வாழ்வோரைக் காப்பாற்ற வருகிறார் என்பது கதையின் ஒரு பக்கம். அவர் பிரபுத்துவத்தைத் துறந்து ஓடியவர், சாமானியரின்றி இயங்க முடியாதவர் என்பது மறுபக்கம். முதற் பக்கம் மேலோங்கும்போது தொடர் தனிமனித வீரவழிபாடாய்ச் சுருங்குகிறது. மறுபக்கம் மேலோங்கும்போது மக்களின் கலையாய் விரிகிறது. புதியவருக்கு நாம் காட்டும் வாயில் இம்மறுபக்கத்தில் உள்ளது.

வாயிலில் நிற்பவரிடம் "உனக்கு என்ன தெரியும்?" என்று வினவுவது கலையின் பண்பன்று. "உள்ளே வா, பார், பின்னர் உன் கருத்தைக் கூறு" என்பதே அதன் பண்பு. பஸ்ஸை விட்டிறங்கி வேலைக்கு ஓடும் ஒரு பெண்ணோடு தொடங்குக. அவளைப் பின்தொடர்ந்து செல்பவர் வழிதவற மாட்டார்.