கொல்லைக் கதவின் சாவி எங்கே?

2022-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள் விடியற்காலையில், கனடா நாட்டின் பெரிய தொலைபேசிக் கம்பெனிகளுள் ஒன்றான ரோஜர்ஸின் வலையமைப்பு பேச்சு மூச்சின்றி நின்றுபோயிற்று. 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்குத் தொலைபேசியும் இல்லை, இண்டர்நெட்டும் இல்லை. கடைகளில் வங்கி அட்டையைக் கொண்டு பணம் செலுத்த முடியவில்லை. ஆபத்துக் காலத்தில் உதவி கோரும் 911 என்ற எண்ணை அழைத்த பலருக்கு இணைப்பே கிடைக்கவில்லை.

காரணம் சிறியது. மைய வலையமைப்பைப் புதுப்பிக்கும் பணியின்போது சில ரவுட்டர்களில் இருந்த ஒரு வடிகட்டி விதி நீக்கப்பட்டது. ரவுட்டர் என்பது வரும் செய்தியை எவ்வழியே அனுப்புவது என்று தீர்மானிக்கும் கருவி. வடிகட்டி போனதும் வழித்தகவல்கள் வெள்ளமெனப் பாய்ந்தன. மைய ரவுட்டர்கள் திணறி விழுந்தன. தவறு யாருக்கும் நேரக்கூடியதே. ஆனால் அதைத் திருத்தப் புறப்பட்டவர்களின் நிலையைக் கேளுங்கள். ரவுட்டர்களைத் தொலைவிலிருந்து கவனிப்பதற்கென வைத்திருந்த மேலாண்மை வலையும் அதே மைய வலையமைப்பின் மீதுதான் ஓடிக்கொண்டிருந்தது. அது விழ, இதுவும் விழுந்தது. ஊழியர்கள் தம்முள் பேசிக்கொள்வதற்காகப் போட்டிக் கம்பெனிகளின் சிம் அட்டைகளைத் தொலைவிடங்களுக்கு அனுப்பிவைக்க வேண்டியதாயிற்று. வீட்டைப் பூட்டும்போது சாவியை உள்ளேயே விட்டுவிட்ட கதைதான்!

இத்தகைய இக்கட்டுக்கென்றே விற்கப்படும் கருவி ஒன்று உண்டு. அதன் பெயர் கன்சோல் சர்வர். அதைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று கம்பெனிகள் அச்சிடும் விவரப் பிரசுரங்களையும், அவற்றைப் பார்த்து வாங்குவோர் தயாரிக்கும் பட்டியல்களையும் சற்று உரசிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் கருவியைத் தெரிந்துகொள்வோம். தரவு மையம் என்பது ஆளுயர இரும்புச் சட்டங்களில் கணிப்பொறிகளையும் ரவுட்டர்களையும் சுவிட்சுகளையும் அடுக்கி, குளிர்சாதனம் போட்டு வைத்திருக்கும் கூடம். அங்குள்ள பெரும்பாலான ரவுட்டர்களிலும் சுவிட்சுகளிலும் 'கன்சோல்' என்று எழுதிய சிறு துளை ஒன்றைக் காணலாம். 1960-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆர்.எஸ்.-232 என்ற தரத்தின் வழிவந்தது அது. பல கருவிகளில் அதன் வேகம் வினாடிக்கு 9600 பிட். ஓர் எழுத்துக்கு, தொடக்க, முடிவு அடையாளங்களையும் சேர்த்து 10 பிட் செலவாகும். ஆக, வினாடிக்கு 960 எழுத்துகள். 80 எழுத்து அகலமும் 24 வரி உயரமும் உள்ள ஒரு திரை நிரம்ப 2 வினாடி பிடிக்கும். இன்றைய கணக்கில் இது நத்தை வேகமே.

ஆயினும் இந்த நத்தைக்கு ஒரு பெருமை உண்டு. வலையமைப்பு அடியோடு செத்துக் கிடந்தாலும் இத்துளை பேசும். முகவரி எதுவும் கொடுக்கப்படாத புதுக் கருவியும் இதன் வழியே பேசும். கன்சோல் சர்வர், இத்தகைய துளைகள் பலவற்றிலிருந்து வரும் கம்பிகளை ஒன்றுசேர்த்து, எங்கோ தொலைவில் உட்கார்ந்திருக்கும் பொறியாளரிடம் கொண்டுசேர்க்கிறது. முன்வாசல் அடைபட்டால் நுழைவதற்கான கொல்லைக் கதவு என்று இதனைச் சொல்லலாம்.

இனி, பிரசுரங்களுக்கு வருவோம். அவற்றில் முதல் வரியாக நிற்பது துளைகளின் எண்ணிக்கை: 8, 16, 32, 48. வாங்குவோரும் கருவிகளை எண்ணி, அடுத்த பெரிய எண்ணைப் பார்த்து, விலையை ஒப்பிட்டு முடித்துவிடுகிறார்கள். எண்ணிக்கை வேண்டியதுதான், ஆனால் அது எளிய கேள்வி. எல்லாத் துளைகளும் ஒரே வடிவில் இருந்தாலும் உள்ளே கம்பிகளின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதைக்கூடப் பல பட்டியல்கள் கேட்பதில்லை. கருவி வந்து இறங்கிய பிறகு தகுந்த கேபிளுக்காக நாள்கணக்கில் காத்திருந்தவர்களை நான் அறிவேன்.

கேட்க வேண்டிய பெரிய கேள்வி வேறு. கன்சோல் சர்வரை அடைவதற்கு எந்த வழி? அதுவும் தரவு மையத்தின் முக்கிய சுவிட்சிலேயே செருகப்பட்டிருந்தால், சுவிட்ச் விழும் நாளில் கொல்லைக் கதவும் சேர்ந்தே பூட்டிக்கொள்ளும். இதற்குப் பிரசுரங்கள் தரும் விடை, 'செல்போன் மோடம் உள்ளே இருக்கிறது' என்பது. அவ்வளவில் நிறைவடைந்துவிடக் கூடாது. அமெரிக்காவில் ஏ.டி. அண்ட் டி. கம்பெனி தன் மூன்றாம் தலைமுறைச் சேவையை 2022 பிப்ரவரியிலும், வெரைசன் அவ்வாண்டின் இறுதியிலும் நிறுத்திவிட்டன. அவற்றை நம்பி வாங்கிய பழைய மோடங்கள், பெட்டி கெடாமலே பயனற்றுப் போயின. மோடத்தைத் தனியே கழற்றி மாற்ற இயலுமா என்று எந்தப் பட்டியலிலாவது ஒரு வரி உண்டா?

மற்றொன்று. செல்போன் கம்பெனிகள் பல, சிம் அட்டைக்கு வெளியிலிருந்து எட்டக்கூடிய முகவரியைத் தருவதில்லை. ஒரே முகவரியைப் பலருக்குப் பங்கிட்டுவிடுகின்றன. எனவே மோடம் உயிரோடு இருக்கும். நாம் அழைத்தால் மணி அடிக்காது! பெட்டியே வெளிநோக்கி ஒரு பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்திக்கொண்டு நமக்காகக் காத்திருக்கும் வசதி வேண்டும்.

அடுத்து, கடவுச்சொல். பெரிய நிறுவனங்களில் 'இவர் நம் ஆள்தானா' என்று சரிபார்ப்பது ஒரு மையக் கணிப்பொறி. அது விழுந்த வலையின் அக்கரையில் இருந்தால், கன்சோல் சர்வர் தன் எசமானனையே அடையாளம் தெரியாமல் வாசலில் நிறுத்திவிடும். அந்த வேளையில் பெட்டிக்குள்ளேயே பதிந்துள்ள கடவுச்சொல்லை ஏற்றுக்கொள்ளுமா என்று கேளுங்கள்.

ரோஜர்ஸுக்கு முந்தைய ஆண்டே ஒரு பாடம் கிடைத்திருந்தது. 2021 அக்டோபர் 4 அன்று பேஸ்புக், பராமரிப்பின்போது பிறந்த ஒரு கட்டளையால் தன் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையை இழந்து சுமார் 6 மணி நேரம் மறைந்துபோயிற்று. தனி மேலாண்மை வழி அவர்களிடம் இல்லாமல் இல்லை. ஆனால் அன்று அதுவும் எட்டவில்லை என்று அந்நிறுவனமே எழுதியது. பொறியாளர்கள் நேரில் போய், கடுமையான காவலைக் கடந்து கருவிகளைத் தொட வேண்டியிருந்தது. பணத்துக்கோ அறிவுக்கோ பஞ்சமில்லாத இடத்தின் நிலை இது.

கொல்லைக் கதவே வீட்டை இடித்த கதையும் உண்டு. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் தயாரித்த கணிப்பொறிகள், கன்சோல் கம்பியில் 'பிரேக்' எனப்படும் குறிப்பலை வந்தால் செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே நிறுத்திவிட்டுக் கட்டளைக்குக் காத்திருக்கும். கம்பியின் மறுமுனையிலிருந்த பெட்டியை அணைத்துப் போட்டால், சில வகைப் பெட்டிகள் அதே அலையைத் தாமாகவே எழுப்பிவிடும். ஒரு பெட்டிக்கு மின்சாரம் போய் வந்ததற்காக, அதனுடன் இணைந்த நல்ல கணிப்பொறிகள் வரிசையாக நின்றுவிடும். பிற்பாடு, இவ்வாறு செய்யாது என்பதே ஒரு விற்பனைச் சிறப்பாயிற்று.

'இக்காலக் கணிப்பொறிகளுக்குள் கண்காணிப்புக்கெனத் தனிச் சிறு கணிப்பொறி இருக்கிறதே, பழைய கம்பி எதற்கு?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்தச் சிறு கணிப்பொறியும் ஒரு சுவிட்சின் வழியாகவே பேச வேண்டும். அந்தச் சுவிட்சை எழுப்புவது யார்?

பிரசுரங்களில் பத்தோடு பதினொன்றாக வரும் ஒரு வசதியை நான் முன்வரிசையில் வைப்பேன். யாரும் பார்க்காத வேளையிலும் ஒவ்வொரு கருவியும் கன்சோலில் சொன்னதைப் பெட்டி பதிந்துவைக்க வேண்டும். இரவு 2 மணிக்கு ஒரு ரவுட்டர் விழுமுன் கூறிய கடைசிச் சில வரிகளே காரணத்தைக் காட்டும். அவ்வரிகளை வலையின் வழியே வேறிடத்துக்கு அனுப்பிவிட்டுத் தன்னிடம் எதுவும் வைத்துக்கொள்ளாத பெட்டி, வேண்டிய நேரத்தில் கையை விரிக்கும்.

ஆகவே, விற்க வருபவரிடம் ஒரு சோதனை கேளுங்கள். மாதிரிக்கு ஒரு பெட்டியை வாங்கிப் பொருத்தி, ஆட்கள் அதிகம் வேலை செய்யாத ஒரு பிற்பகலில், முன்னறிவிப்போடு, அதன் முக்கிய வலைக் கம்பியை உங்கள் கையாலேயே பிடுங்குங்கள். பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவையையும், கடவுச்சொல் சரிபார்க்கும் கணிப்பொறியையும் அதன் கண்ணுக்கு மறையுங்கள். பிறகு வீட்டுக்குப் போய், அங்கிருந்து ஒரு சுவிட்சின் கன்சோலுக்குள் நுழைய முயலுங்கள். மூன்று மாதம் கழித்து இதையே மறுபடியும் செய்யுங்கள். கட்டணம் கட்டாமல் சிம் அட்டை செத்துப்போயிருப்பது அப்போதுதான் தெரியவரும். 48 துளையா, 16 போதுமா என்பதை முதல் சோதனை முடிந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.