சலாமும் வணக்கமும்

ஒரு பாட்டைக் கேட்டறிவது வேறு, கண்டறிவது வேறு. இவ்வேற்றுமையை உணர நமக்குக் கால் நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. அதற்கு விலை கொடுத்தவள் ஒரு சிறுமி.

1998ஆம் ஆண்டின் தொடக்கம். திருப்பனந்தாளில் நாம் மக்தபுப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வந்த காலம். ஒருநாள் அஸர் தொழுகை முடிந்து வாசலுக்கு வந்தபோது, தந்தையார் ஒருவர் தம் மகளின் கையைப் பற்றியபடி காத்திருந்தார். "ஹஜ்ரத், பள்ளிக்கூட ஆண்டு விழாவிலே பத்துப் புள்ளைங்களைப் பாட வைக்கிறாங்களாம். நம்ம புள்ளையும் அதுல ஒண்ணு. ரஹ்மான் தம்பி பாடின பாட்டுதான். பாடலாமா?" என்றார். எந்தப் பாட்டு என வினவினோம். ‘தாய் மண்ணே வணக்கம்’ என்றாள் சிறுமி. நாம் ஒரு கணமும் தயங்கவில்லை. "வணக்கம் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. மண்ணுக்கு வேண்டாம் பாய். புள்ள வேறே பாட்டுப் பாடட்டும்" என்றோம். வேறு பாட்டுப் பாட அவளை எவரும் அழைக்கவில்லை. அவ்வாண்டு அவள் மேடை ஏறவில்லை.

அதுவரை அப்பாட்டை நாம் தேநீர்க் கடையில் காற்றோடு வந்த அளவில் கேட்டிருந்தோமேயன்றி, அதன் படத்தைக் கண்டதில்லை. நம் இல்லத்தில் அப்போது தொலைக்காட்சிப் பெட்டி கிடையாது. இல்லாமையைப் பெருமையாகவும் கருதியிருந்தோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சென்ற நோன்புப் பெருநாளுக்குத் தாய்வீடு வந்த அதே பெண், இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். தந்தையாரோடு வந்து கைப்பேசியை நம் முன் வைத்து, "ஒரு தடவை பாருங்க ஹஜ்ரத்" என்றாள். குற்றம் சாட்டும் குரலன்று அது. பார்த்தோம். அன்றிரவு மீண்டும் பார்த்தோம். அதன் பயனே இக்கட்டுரை.

செய்திகளை முதலில் கூறிவிடுவோம். இந்திய விடுதலையின் பொன்விழா ஆண்டாகிய 1997இன் ஆகஸ்டில் ஏ.ஆர். ரஹ்மானின் ‘வந்தே மாதரம்’ என்னும் இசைத்தொகுப்பு வெளிவந்தது. சோனி நிறுவனம் வெளியிட்டது. அதன் தலைப்பாட்டாகிய ‘மா துஜே சலாம்’ என்பதை இந்தியில் எழுதியவர் மெஹபூப். தமிழில் ‘தாய் மண்ணே வணக்கம்’ என ஆக்கியவர் வைரமுத்து. பாட்டுக்கான படத்தை எடுத்தவர் பரத்பாலா. அந்நாளில் இளைஞர்கள் இவ்வகைப் படங்களை ‘ஆல்பம் பாட்டு’ என்றனர். திரைக்கதையின் நடுவே வரும் பாட்டன்று இது, பாட்டே கதை. நாம் இதனைப் பாடற்படம் என்று கூறுவோம்.

தலைப்பிலேயே நம் மக்களுக்கு ஓர் இடர் இருந்தது. ‘வந்தே மாதரம்’ என்ற தொடருக்கு நீண்ட வரலாறு உண்டு. பங்கிம் சந்திரர் தம் ‘ஆனந்த மடம்’ புதினத்தில் அமைத்த பாடல் அது. தாய்நாட்டைத் தெய்வ வடிவில் போற்றும் பிற்பகுதிகளை முஸ்லிம்கள் ஏற்க இயலாமையை உணர்ந்தே, 1937இல் காங்கிரஸ் செயற்குழு முதல் இரண்டு பகுதிகளை மட்டும் பாடுமாறு தீர்மானித்தது. ரஹ்மானின் பாட்டு அப்பழம் பாடலன்று. அதிலிருந்து அவ்விரு சொற்களை மட்டும் பல்லவிக்கு எடுத்துக்கொண்டு மற்றவற்றைப் புதிதாக அமைத்தது. இதுகூட 1998இல் நமக்குத் தெரியாது.

இனி மொழிபெயர்ப்பில் நிகழ்ந்ததைக் காணுங்கள். இந்தித் தலைப்பில் இருப்பது ‘சலாம்’. அது நம் அன்றாட முகமன். தாய்க்குச் சொல்லலாம், அண்டை வீட்டாருக்குச் சொல்லலாம், எவருக்கும் உறுத்தாது. தமிழில் அது ‘வணக்கம்’ ஆயிற்று. மற்றத் தமிழர்க்கு வணக்கம் என்பது கைகூப்பிச் சொல்லும் முகமன். தமிழ் முஸ்லிமுக்கோ அச்சொல் இபாதத்தைக் குறிப்பது. ‘வணக்க வழிபாடு’ என்று நம் நூல்களில் ஆயிரம் முறை எழுதியிருப்போம். ஆக, இந்தியில் முஸ்லிமின் வாய்க்கு இயல்பாயிருந்த ஒரு தலைப்பு, தமிழுக்கு வந்ததும் தமிழ் முஸ்லிமின் வாய்க்கே கடினமாயிற்று. கவிஞர் மீது பிழையில்லை. பொதுத்தமிழில் சலாமுக்கு நேரான சொல் அதுவே. நம் வீட்டுத் தமிழில் அச்சொல் வேறு பாதையில் நடந்து வந்திருக்கிறது, அவ்வளவே.

இரு பொருள் தரும் சொல்லில் எப்பொருளைக் கொள்வது? நாம் மத்ரஸாவில் பலாஃகத் என்னும் அணியிலக்கணம் பயின்றபோது, ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் அப்துல் காஹிர் ஜுர்ஜானீயின் கருத்தை உஸ்தாத் எடுத்துரைப்பார். பொருளின் சிறப்புத் தனிச்சொல்லில் இல்லை, சொற்கள் ஒன்றோடொன்று கோக்கப்பட்ட ‘நழ்ம்’ என்னும் அமைப்பில் இருக்கிறது என்பது ‘தலாயிலுல் இஃஜாஸ்’ நூலின் உயிர்நிலைக் கருத்து. அவ்விலக்கணத்தில் ‘ஃபஸ்ல், வஸ்ல்’ என்றொரு பகுதியும் உண்டு. இரு வாக்கியங்களை ‘வ’ என்னும் இடைச்சொல்லால் எங்கே இணைப்பது, எங்கே இணைக்காமல் விடுவது என்பதே அதன் பொருள். மாணவப் பருவத்தில் அது நம்மைப் பெரிதும் வாட்டிய பகுதி.

படத்தொகுப்பாளர் செய்வதும் இதுவே என்பது நமக்கு இப்போதுதான் புலனாயிற்று. ரஷ்யாவில் குலெஷோவ் என்னும் திரைப்பட ஆசிரியர், உணர்ச்சி காட்டாத ஒரே முகத்தை ஒரு கிண்ணம் உணவுக்கு அருகிலும், ஒரு சவப்பெட்டிக்கு அருகிலும் ஒட்டிக் காட்டினாராம். கண்டவர்கள் ஒன்றில் பசியையும் மற்றொன்றில் துயரையும் கண்டனர். முகம் மாறவில்லை, அண்டை மாறியது. ஜுர்ஜானீ இதைக் கண்டிருந்தால் வியந்திருக்க மாட்டார்.

இக்கண்ணோடு அப்பாடற்படத்தைப் பார்ப்போம். விரிந்த வெளியில் ஓர் இளைஞர் நிற்கிறார். அவர் பாடகர் மட்டுமல்லர், இசையமைத்தவரும் அவரே. பிறர் வாயசைக்கத் தாம் மறைந்திருக்கும் திரையிசை வழக்கத்தை இங்கே கைவிட்டு, தம் முகத்தையே காட்டுகிறார். நேராக நம்மை நோக்கிப் பாடுகிறார். கைகூப்பவில்லை, மண்டியிடவில்லை. நிமிர்ந்து நின்று இரு கைகளையும் அகல விரிக்கிறார். நெடும்பயணம் முடித்து வீடு திரும்பும் மகன், வாசலில் நிற்கும் தாயை நோக்கி விரிக்கும் கைகள் அவை. ‘வணக்கம்’ என்ற சொல் காதில் விழும் வேளையில் கண் காண்பது நிமிர்ந்த உடலை. சொல்லின் இரு பொருள்களில் ஒன்று அங்கே கழிந்துபோகிறது. ருகூவும் இல்லை, ஸஜ்தாவும் இல்லை, எஞ்சியிருப்பது சலாம். தமிழ்ச்சொல் இழந்ததைப் படம் மீட்டுக் கொடுக்கிறது.

பாடகரின் முகத்துக்கு அண்டையில் வைக்கப்பட்டவை யாவை? சுருக்கம் விழுந்த முதியோர் முகங்கள், வண்ண முக்காடிட்ட பெண்கள், சிறுவர்கள். இவர்கள் பெரும்பாலும் பாடுவதில்லை, பார்க்கிறார்கள். இது நமக்கு முக்கியமாகப் பட்டது. இதற்கு ஒன்பது ஆண்டுகட்கு முன், 1988 ஆகஸ்ட் 15 அன்று தூர்தர்ஷன் ஒளிபரப்பிய ‘மிலே சுர் மேரா துமாரா’ என்ற படத்தை வாசகர் பலர் அறிவர். பீம்சேன் ஜோஷியில் தொடங்கி லதா மங்கேஷ்கரில் முடியும் அப்படத்தில் ஒவ்வொரு மொழிக்கும் ஒரு முறை உண்டு. தமிழின் முறை வரும்போது பாலமுரளிகிருஷ்ணாவின் குரல், கூடவே கமலஹாசனின் முகம். மொழி மாறும் இடத்தில் காட்சி மாறும். அது முழுவதும் ‘வஸ்ல்’. ‘உம், உம்’ என்று அடுக்கிச் செல்லும் எண்ணும்மை. எவரையும் விட்டுவிடக்கூடாதே என்ற அச்சம் அதில் தெரிகிறது. நாட்டைக் கணக்கெடுக்க வந்த அலுவலரின் நேர்மை அது என்றால் தவறில்லை.

1997இன் படம் கணக்கெடுக்கவில்லை. ஒரே குரல், பல முகங்கள். இடையில் ‘உம்’ இல்லை. இது ‘ஃபஸ்ல்’. இணைப்புச்சொல் இல்லாதபோது இரு வாக்கியங்களுக்குள்ள உறவைக் கேட்பவனே நிரப்பிக்கொள்ள வேண்டும் என்பார் நம் உஸ்தாத். இங்கேயும் அப்படியே. பாடுகிறவருக்கும் அம்முதியவருக்கும் என்ன உறவு என்று படம் சொல்வதில்லை. நாமே சொல்லிக்கொள்கிறோம். குரல் உச்சத்துக்கு ஏறி, காட்சி முகத்தைவிட்டு அகன்று நிலமாக விரியும்போது அந்த ஒருவர் பலராகிறார். அந்த ஒருவர் ஒரு முஸ்லிம், சென்னைத் தமிழர். நாட்டுப்பற்றைப் பற்றி நம் சமூகத்தாரிடம் கேள்வி கேட்கப்பட்ட காலங்களுண்டு. பதில் சொல்லிச் சலித்த காலங்களுமுண்டு. இப்படத்தில் எவரும் கேட்கவில்லை, அவரும் விளக்கம் கூறவில்லை. நடுவே நின்று பாடுகிறார், மற்றவர்கள் பார்க்கிறார்கள். 1998இல் ஒரு முஸ்லிம் சிறுமியைப் பள்ளிமேடையில் அதே நிலையில் நிறுத்தும் வாய்ப்பு நம் கையில் வந்து, நம் வாய்ச்சொல்லால் போயிற்று.

ஆனால் படத்தை முற்றும் புகழ நாம் வரவில்லை. மணற்பரப்பில் மக்கள் கூடி மூவண்ணக் கொடியை உயர்த்தும் காட்சியே அப்படத்தில் மனத்தைவிட்டு அகலாதது. அழகுதான். ஆயினும் ‘தாய் மண்’ என்ற தமிழ்ச்சொல் ஒலிக்கும்போது கண்ணில் நிற்பது பாலைமணல். இந்தியில் பாடகர் தாயை விளித்தார்; தமிழில் மண்ணை விளிக்கிறார். மண்ணை விளித்தபின் எந்த மண் என்ற கேள்வி தவிர்க்க முடியாதது. மண்ணியாற்றங்கரையில், காலில் வண்டல் ஒட்ட நடந்து பழகிய நமக்கு அம்மணல் அயலாரின் முற்றம்போல் தோன்றியது. நாற்று நடும் பெண்ணின் முதுகும், குறுவைக்கு நீர் வருமா என்று மதகருகே நிற்பவனின் முகமும் அந்த விளிக்கு அண்டையில் நின்றிருந்தால் பாட்டு வேறு பாட்டாகியிருக்கும். வண்ண ஆடையும் அகன்ற வானமும் படக்கருவிக்கு எளிதில் இணங்குவன. சேறு இணங்காது. எளியோரின் முகச்சுருக்கத்தை அழகுக்காக மட்டும் அண்மையில் காட்டி, அவர் செய்யும் வேலையைக் காட்டாமல் விடுவது இவ்வகைப் படங்கள் அனைத்துக்கும் உள்ள நோய். இதுவும் அதற்கு முற்றிலும் தப்பவில்லை.

உமறுப் புலவர் இதற்கு நேர்மாறான ஒன்றைச் செய்தார் என்பது நம் நினைவுக்கு வருகிறது. சீறாப்புராணத்தின் நாட்டுப்படலத்தில் அவர் அரபு நாட்டைப் பாடும்போது மழை பொழிகிறது, ஆறு பெருகுகிறது, வயல் விளைகிறது. மக்கத்து மணலில் மருதநிலத்தை நட்டார் அவர். அறியாமையால் அவ்வாறு செய்தாரல்லர். தம் வாசகன் எந்த மண்ணை அன்பு செய்வானோ அந்த மண்ணின் வழியே அவனை மக்கத்துக்கு அழைத்துச் சென்றார். பரத்பாலாவின் படத்தில் தமிழன் தன் மண்ணைவிட்டுப் பாலைக்குப் போய் நாட்டை அன்பு செய்ய வேண்டியிருக்கிறது. இரண்டும் சொல்லுக்கு அண்டையில் படத்தை வைக்கும் கலையே. புலவர் சொல்லாலேயே படமும் வரைந்தார்.

மார்க்கப் பாடல்களுக்கு இக்கலை ஏலுமா என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். மர்ஹூம் நாகூர் ஹனீபா அவர்களின் பாடல்களுக்கு இப்போது பலர் கைப்பேசிக்கெனப் படம் கோக்கிறார்கள். மினாரா, பிறை, மீண்டும் மினாரா. குரலோ நெஞ்சைப் பிளக்கிறது. படமோ நாட்காட்டியைப் புரட்டுகிறது. குரலை மட்டும் கேட்பதே மேல். இதற்கு மாறாக, 2003இல் சாமி யூசுஃப் பாடிய ‘அல் முஅல்லிம்’ பாடலுக்கு ஹானி உஸாமா எடுத்த படத்தைக் கூறலாம். பாட்டின் பொருள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் புகழ். அவர்களைப் படத்தில் காட்டுவது ஆகாது. அப்படியானால் எதைக் காட்டுவது? ஒரு நிழற்பட இளைஞனின் ஒருநாளைக் காட்டுகிறார்கள். தாயிடம் பணிவு, பார்வையற்றவருக்கு உதவி, சிறுவர்களிடம் கனிவு. சொல் ஆசிரியரைப் புகழ்கிறது. படம் மாணவனைக் காட்டுகிறது. இரண்டுக்கும் இடையில் ‘உம்’ இல்லை. சுன்னத் என்ற சொல்லை எவரும் உச்சரிக்காமலே அது நம் முன் நிற்கிறது. அவ்விளைஞனின் வீடு சற்றுச் செல்வம் மிகுந்த வீடாய் இருப்பதுதான் நமக்கு உறுத்தல்.

‘வந்தே மாதரம்’ என்ற தொடரைப் பற்றி நம் உலமாக்கள் கூறியதில் நாம் மாற்றம் எதுவும் கூறவில்லை. அது சொல்லைப் பற்றிய தீர்ப்பு. நாம் பிழைத்தது வேறிடத்தில். ஒரு சொல்லைக் கேட்டவுடன், அதன் அண்டையில் என்ன நிற்கிறது என்று பாராமல், முழுப் படைப்பின் மீதும் தீர்ப்புக் கூறினோம். அந்தச் சிறுமி மேடையில் எப்படி நிற்கப் போகிறாள், கைகளை என்ன செய்யப் போகிறாள் என்றுகூட வினவவில்லை.

இதை அவளிடமே கூறினோம். சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு, தன் மூத்த மகள் படிக்கும் பள்ளியில் இவ்வாண்டு விழாவுக்கு இதே பாட்டைத் தெரிவு செய்திருக்கிறார்கள் என்றும், பின்திரையில் படம் ஓட வேண்டுமாம், அதைப் பிள்ளைகளே தம் கைப்பேசியில் எடுத்துவரச் சொல்லியிருக்கிறார்கள் என்றும் சொன்னாள். "எதை எடுக்கலாம் ஹஜ்ரத்?" என்றாள். தந்தையார் முந்திக்கொண்டு, "கொல்லையிலே நாத்தங்கால் இருக்கே, அதை எடு" என்றார்.