1978ஆம் ஆண்டின் சிறந்த படம் எது? — இரசிகர் விவாதமும் விமர்சன அளவுகோல்களும்

தமிழ்த் திரைப்பட இரசிகரிடையே தலைமுறை கடந்தும் ஓயாத விவாதங்களுள் ஒன்று, 1978ஆம் ஆண்டின் சிறந்த படம் எது என்பதாகும். தேநீர்க் கடைகளிலும் விடுதி அறைகளிலும் தொடங்கி, திரைப்படச் சங்கங்களின் கலந்துரையாடல்கள் வரை இவ்விவாதம் நீண்டுள்ளது. ஒருவர் 'முள்ளும் மலரும்' என்பார். இன்னொருவர் 'அவள் அப்படித்தான்' என்பார். மூன்றாமவர் 'கிழக்கே போகும் ரயில்' படத்தை முன்வைப்பார். இறுதியில் குரலுயர்ந்தவர் வென்றதாகக் கொள்ளப்படுவதும், மறுநாள் விவாதம் மீண்டும் முதலிலிருந்தே தொடங்குவதும் வழக்கம்.

இத்தகைய விவாதங்களை வெறும் பொழுதுபோக்கெனத் தள்ளிவிடும் போக்கு கற்றோரிடையே உண்டு. அது சரியான நோக்கு அன்று. ஒரு சமூகம் தான் பெரிதும் நுகரும் கலையை எவ்வெவ் அளவுகோல்களால் அளக்கின்றது என்பதை இவ்விவாதங்களே தெளிவாகக் காட்டுகின்றன. ஆகவே, எந்தப் படம் சிறந்தது என்ற வினாவுக்கு விடை காணுமுன், 'சிறந்தது' என்ற சொல்லால் இரசிகர் எதனைக் கருதுகின்றனர் என்பதை ஆராய்தல் வேண்டும்.

ஆண்டு என்னும் எல்லை

ஓர் ஆண்டு கலையின் இயல்பான அலகு அன்று. அது நாட்காட்டியின் வசதி மட்டுமே. 1978ஐப் போற்றுவோரிடம், 'பதினாறு வயதினிலே' படமும் ஜோன் ஆபிரகாமின் 'அக்ரஹாரத்தில் கழுதை' படமும் 1977ஐச் சேர்ந்தவை என்றும், 'உதிரிப்பூக்கள்', 'பசி' ஆகியன 1979ஐச் சேர்ந்தவை என்றும் எளிதாக மறுத்துரைக்கலாம். உண்மையில் இம்மூன்று ஆண்டுகளும் ஒரே அசைவின் பகுதிகளாகும். கலையகத்தின் செயற்கை அரங்குகளை விட்டு ஒளிப்பதிவுக் கருவி கிராமத்துக்கும் மலைக்கும் தெருவுக்கும் சென்றமை, மேடைத் தன்மை வாய்ந்த நீண்ட வசனங்கள் குறைந்தமை, 1976இல் 'அன்னக்கிளி' மூலம் அறிமுகமான இளையராஜாவின் இசை காட்சியின் உணர்வோடு இயைந்தமை ஆகியன அவ்வசைவின் வெளிப்படையான இயல்புகள்.

எனினும் 1978ஐத் தனித்து நோக்குவதற்கு ஒரு நியாயம் உண்டு. பழைய காலத்தின் முடிவும் புதிய காலத்தின் தொடக்கமும் அவ்வாண்டில் ஒரே திரையில் அருகருகே நின்றன. 1977இல் தமிழ்நாட்டின் முதலமைச்சரான எம். ஜி. இராமச்சந்திரன் கதாநாயகனாக நடித்து வெளிவந்த இறுதிப் படமான 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்' அவ்வாண்டின் தொடக்கத்தில் வந்தது. அகிலனின் 'கயல்விழி' நாவலைத் தழுவிய அப்படத்தில் மன்னனும் மக்களும் வீரமும் பழைய முறையிலேயே காட்சிப்படுத்தப்பட்டன. அதே ஆண்டின் ஓகஸ்டில் வெளிவந்த 'முள்ளும் மலரும்' படத்தின் நாயகன், மலைப்பகுதி மின்னிலையமொன்றில் விஞ்ச் இயக்கும் முரட்டுத் தொழிலாளி. மன்னனிலிருந்து தொழிலாளிக்கு வந்த இந்தத் தூரத்தை ஏழு மாதங்களுக்குள் ஒரே பார்வையாளன் கடக்க நேர்ந்தது. இரசிகர் அவ்வாண்டை மறவாமைக்கு இதுவே அடிப்படைக் காரணம் எனலாம்.

மூன்று அளவுகோல்கள்

இரசிகரின் வாதங்களைத் தொகுத்து நோக்கின் மூன்று அளவுகோல்கள் புலப்படுகின்றன.

முதலாவது, படம் ஓடிய நாட்களின் எண்ணிக்கை. 'கிழக்கே போகும் ரயில்' ஓராண்டு வரை ஓடியது என்பதை அதன் ஆதரவாளர் முதல் வாதமாக வைப்பர். வெகுசன ஏற்பு ஒரு சமூக உண்மை. அதனை விமர்சகன் புறக்கணித்தல் இயலாது. ஆனால் அது ஒரு படம் எத்துணைப் பேருக்கு உவப்பாயிற்று என்பதைச் சொல்லுமேயன்றி, அவர்களுள் அது எதனை விளைத்தது என்பதைச் சொல்லாது.

இரண்டாவது, நடிகர் மீதான பற்று. இரஜினிகாந்த், கமல்ஹாசன் என அணி பிரிந்து வாதிடுவோர் பலர். 1978ஆம் ஆண்டோ இப்பிரிவினையையே பொய்யாக்குகின்றது. 'அவள் அப்படித்தான்', 'இளமை ஊஞ்சலாடுகிறது' ஆகிய இரு படங்களிலும் இருவரும் இணைந்தே நடித்தனர். 'முள்ளும் மலரும்', 'அவள் அப்படித்தான்', 'கிழக்கே போகும் ரயில்', 'சிகப்பு ரோஜாக்கள்' ஆகிய நான்குக்கும் இசையமைத்தவர் ஒருவரே. இரசிகர் போட்டியாளராகக் காண்பவர்கள், தொழிற்களத்தில் ஒரே கூட்டுழைப்பின் பங்காளிகளாகவே விளங்கினர்.

மூன்றாவது, புதுமை. 'இதற்கு முன் இப்படியொரு படம் வந்ததில்லை' என்ற வாதம் வலுவானது போலத் தோன்றும். ஆயினும் புதுமை என்பது ஒரு படைப்பு தோன்றிய கணத்துக்கு உரியது; மதிப்போ அக்கணம் கழிந்த பின்பும் நிற்பது. புதுமை எதற்குப் பயன்பட்டது என்ற வினாவே விமர்சன வினா.

இம்மூன்றினும் பொருத்தமான அளவுகோல் ஒன்று உண்டு. ஒரு படம் தான் எடுத்துக்கொண்ட மனித உறவுகளின் முரண்பாட்டை எவ்வளவு தூரம் நேர்மையாகப் பின்தொடர்கின்றது, அம்முரண்பாட்டைத் திரைமொழியினாலேயே உணர்த்துகின்றதா என்பதே அது.

நான்கு படங்கள்

உமாசந்திரனின் நாவலைத் தழுவியது 'முள்ளும் மலரும்'. 'தங்கப்பதக்கம்' முதலிய படங்களின் எழுத்தாளராக அறியப்பட்டிருந்த மகேந்திரன், தாம் நெறியாண்ட இம்முதற் படத்தில் வசனத்தைச் சுருக்கிக் காட்சியை முன்னிறுத்தினார். அதற்குத் துணைநின்றது, மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியிற் பிறந்து பூனாவிற் பயின்ற பாலு மகேந்திராவின் ஒளிப்பதிவு. இயற்கை ஒளியில் தோன்றும் மலைச்சரிவுகள் அழகுக்காக ஒட்டப்பட்டவையல்ல. காளி, வள்ளி என்னும் அநாதைச் சகோதரரின் தனிமையை அவை பேசுகின்றன. தங்கையின் மீது காளி கொண்ட பாசம் அன்பாகவும் அதேவேளை உடைமையுணர்வாகவும் இருப்பதைப் படம் மறைக்கவில்லை. இறுதியில் தங்கை தன்னிடமே திரும்பி வந்த பின்னரே, அவளை அவள் விரும்பிய பொறியியலாளனிடம் அவன் ஒப்படைக்கின்றான். அப்போதும் அம்மனிதனைத் தனக்குப் பிடிக்கவில்லை என்றே கூறுகின்றான். மனமாற்றம் என்னும் மலிவான தீர்வை மறுத்த இம்முடிவு தமிழ்த் திரைக்கு அரிதானது.

ஆயினும் ஒரு குறை சுட்டத்தக்கது. காளிக்கும் மேலதிகாரி குமரனுக்கும் இடையிலான முரண்பாடு தொழிற்களத்திலே தோன்றியது. அதிகாரம், வேலைநீக்கம், கையை இழந்த தொழிலாளியின் நிலை என்பன அதன் கூறுகள். படம் அதனைப் படிப்படியாகக் குடும்பப் பாசத்தின் எல்லைக்குள் கொண்டுவந்து அடக்கிவிடுகின்றது. வர்க்க உறவாகத் தொடங்கியது மாமன்-மைத்துனர் உறவாக முடிகின்றது.

'அவள் அப்படித்தான்' இதற்கு நேர்மாறானது. சென்னைத் திரைப்படக் கல்லூரியிற் பயின்ற ருத்ரையா கறுப்பு வெள்ளையில் எடுத்த இப்படம் ஒக்டோபர் இறுதியிலே தீபாவளியை ஒட்டி வெளிவந்தது. விளம்பர நிறுவனமொன்றிற் பணிபுரியும் மஞ்சு, பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் அருண், ஆணாதிக்கத்தை ஒளிவின்றிப் பேசும் தியாகு ஆகிய மூவரே இதன் மையம். தியாகுவைக் குறை கூறுவது எளிது. படத்தின் ஆற்றல், முற்போக்காளனாகிய அருணை விசாரணைக்கு உட்படுத்துவதிலேயே உள்ளது. பெண்ணின் துயரைப் பதிவு செய்யத் தெரிந்த அவனுக்கு, அத்துயரோடு எதிரில் நிற்கும் பெண்ணை ஏற்கத் தெரியவில்லை. அவன் இறுதியில் மணப்பது, பெண் விடுதலை பற்றி எதுவும் அறியாத ஒருத்தியை. மஞ்சு தெருவில் விடப்படுகின்றாள், கார் போய்விடுகின்றது. பேச்சுமிகுதி, சில காட்சிகளின் செப்பமின்மை ஆகிய குறைகள் இதில் உண்டு. ஆனால் பார்வையாளனுக்கு ஆறுதல் அளிக்க மறுக்கும் துணிவில் அவ்வாண்டின் வேறெப்படமும் இதற்கு நிகரன்று.

அதே தீபாவளிக் காலத்தில் வந்த பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' படத்தோடு இதனை ஒப்பிடுதல் பயனுடையது. இரண்டிலும் நடித்தவர் கமல்ஹாசன். ஒன்றில் பெண்ணைப் புரிந்துகொள்ள முயல்பவன், மற்றதிற் பெண்களைக் கொல்பவன். தொழில்நுட்பச் செறிவில் 'சிகப்பு ரோஜாக்கள்' முந்துகின்றது. ஆனால் கொலைகாரனின் வெறிக்கு அவன் இளமையிற் கண்ட பெண்களின் நடத்தையையே காரணமாக்கும்போது, மஞ்சுவைப் பழிக்கும் சமூகத்தின் குரலையே அப்படமும் ஒலிக்கின்றது. ஒரே பருவத்தில் ஒரே நடிகனின் முகத்தைக் கொண்டு தமிழ்த் திரை இரு எதிர்த்திசைகளிற் பேசியது என்பது மனங்கொள்ளத்தக்கது.

'கிழக்கே போகும் ரயில்' படமோ சாதியின் கொடுமையையும் மூடநம்பிக்கையையும் நேரடியாகத் தொட்டது. கன்னிப்பெண்ணொருத்தியை நிர்வாணமாக ஊரை வலம்வரச் செய்யத் துணியும் கூட்டத்தை அது காட்டுகின்றது. ரயிற்பெட்டியின் பின்புறத்தில் எழுதப்படும் செய்தி, வெளியுலகுக்கும் மூடுண்ட கிராமத்துக்கும் இடையிலான உறவை உணர்த்தும் செறிவான படிமமாகும். எனினும் காதலர் ஊரை விட்டு நீங்குவதோடு ஊரின் கணக்கும் தீர்ந்ததாக அப்படம் கருதுகின்றது. ஊரோ மாறாமல் அங்கேயே இருக்கின்றது.

பட்டியலில் இடம்பெறாதவை

இலங்கையில் இவ்விவாதத்துக்கு மற்றுமொரு பரிமாணம் உண்டு. 1972இல் நிறுவப்பட்ட அரச திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் வாயிலாகவே பிறநாட்டுப் படங்கள் இந்நாட்டுக்கு வந்தன. ஆகையால் தமிழ்நாட்டில் ஓராண்டு வந்த படங்கள் அனைத்தும் அவ்வாண்டிலேயே யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ வந்துவிடவில்லை. இங்குள்ள இரசிகனின் 1978, சென்னை இரசிகனின் 1978 அன்று.

இதனினும் முக்கியமானது, அவ்வாண்டில் இத்தீவிலேயே தமிழ்ப் படங்கள் உருவாயின என்பதாகும். செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிப் பிரேம்நாத் மொறாயஸ் நெறியாண்ட 'வாடைக்காற்று' 1978இல் வெளிவந்து, கடற்றொழிலாளர் வாழ்வைத் திரைக்குக் கொணர்ந்தது. அதே ஆண்டில் தர்மசேன பத்திராஜாவின் சிங்களப் படமான 'பம்பரு அவித்', மீனவக் கிராமமொன்றினுள் நகரத்து மூலதனம் நுழைவதால் விளையும் அழிவைக் காட்டியது. பத்திராஜா யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்திற் கற்பித்தவர்; 'பொன்மணி' என்ற தமிழ்ப் படத்தையும் நெறியாண்டவர். 'பம்பரு அவித்' படத்தின் நாயகி மாலினி பொன்சேகாவே, இந்திய-இலங்கைக் கூட்டுத் தயாரிப்பான 'பைலட் பிரேம்நாத்' படத்தில் சிவாஜி கணேசனுடன் அவ்வாண்டிலேயே தோன்றினார். மாலினியைச் சிவாஜியின் துணைவியாக அறிந்த தமிழ் இரசிகர் பலர், அவரின் நடிப்பாற்றல் வெளிப்பட்ட 'பம்பரு அவித்' படத்தை அறியார்.

1978 பற்றிய விவாதங்களில் இப்படங்கள் இடம்பெறாமைக்குக் காரணம் அவற்றின் குறைபாடுகள் மட்டுமல்ல. இந்திய வணிகப் படங்களின் பெருக்கத்தினிடையே அவை போதிய நாட்கள் திரையில் நிலைக்கவில்லை. 1983 யூலை வன்செயல்களின்போது ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்ரூடியோ எரியூட்டப்பட்டதில், இலங்கைத் தமிழ்ப் படங்கள் பலவற்றின் பிரதிகளும் அழிந்தன. பார்க்கக் கிடைக்காத படத்துக்காக வாதிட எவரும் முன்வாரார். சிறந்தவற்றின் பட்டியல் என்பது முதலிலே எஞ்சியவற்றின் பட்டியலாகும். தரத்தினால் மட்டும் அமைந்ததாகத் தோன்றும் வரிசையினுள் சந்தையும் நெருப்பும் மறதியும் கலந்துள்ளன என்பதை மறந்து வழங்கப்படும் தீர்ப்பு முழுமையானதாகாது.

முடிபு

மேற்கூறிய அளவுகோலின்படி நோக்கின், உருவச் செம்மையில் 'முள்ளும் மலரும்' முதன்மை பெறுகின்றது; முரண்பாட்டை இறுதிவரை பின்தொடரும் நேர்மையில் 'அவள் அப்படித்தான்' முதன்மை பெறுகின்றது. இரண்டினுள் ஒன்றைத் தெரிதல் வேண்டுமாயின் பின்னதையே தெரிதல் தகும். செம்மையைப் பிற்காலத்தவர் பயின்று அடையலாம். 'முள்ளும் மலரும்' காட்டிய வழியில் மகேந்திரனே மறுவருடம் 'உதிரிப்பூக்கள்' வரை சென்றார். ஆனால் ருத்ரையாவின் வழியிற் செல்லத் துணிந்தோர் மிகச் சிலர். அவருக்கே 1980இல் 'கிராமத்து அத்தியாயம்' என்னும் ஒரு படத்துக்கு மேல் வாய்ப்புக் கிட்டவில்லை. 2014இல் அவர் மறைந்தபோது அவர் பெயரில் இருந்தவை இரு படங்களே. வெற்றியாளரை மட்டுமே வளர்க்கும் ஒரு தொழில், தன்னைக் கேள்விக்குட்படுத்திய கலைஞனை எவ்வாறு நடத்தியது என்பதற்கு இது சான்று.

இத்தெரிவை ஏற்காதோர் பலர் இருப்பர். அதனால் தீங்கில்லை. தாம் விரும்பும் படத்தின் பெயரை உரத்துக் கூறுவதோடு அமையாது, அது எந்த மனிதர் பக்கம் நின்றது, அதனை எவ்வாறு காட்டியது, அதன் பக்கத்தில் நின்று காணாமற்போன படங்கள் எவை என்று கூறுவாராயின் இரசிகர் விவாதம் விமர்சனமாக உயரும். எஞ்சிய பிரதிகளைத் தேடிப் பேணுதலும் அவ்விமர்சனத்தின் கடமைகளுள் ஒன்றாகும்.