துரத்தப்பட்ட திராட்சை

லியோன் நகரத்துச் சின்னச் சாப்பாட்டுக் கடைகளுக்கு ‘பூஷோன்’ என்று பெயர். ஒரு குளிர்கால மதியம் அப்படியொரு கடையில், அடி கனத்த கண்ணாடிக் குப்பியில் சிவப்பு ஒயின் கொண்டுவந்து வைத்தார்கள். அந்த ஊர்க் குப்பி அது. 460 மில்லி பிடிக்கும். உள்ளே இருந்தது மோர்கோன்.

முதல் வாயிலேயே பேச்சு நின்றுபோனது. கறுக்கப் பழுத்த செர்ரி, அதன் பின்னாலேயே மெலிதாக ஒரு பூவாசம், விழுங்கிய பிறகு மழையில் நனைந்த கல்லின் குளிர்ச்சி. துவர்ப்பும் உண்டு, ஆனால் நாக்கை இழுத்துப் பிடிக்காத துவர்ப்பு. இத்தனை வருடம் இதைத் தொடாமல் இருந்திருக்கிறேனே என்று மனசு அடித்துக்கொண்டது.

தொடாததற்குக் காரணம் உண்டு. மோர்கோன், போஜொலே வட்டாரத்து ஒயின். போஜொலே என்றதும் நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமை உலகமெங்கும் திறக்கப்படும் ‘நூவோ’தான் நினைவுக்கு வரும். அறுவடை முடிந்து சில வாரங்களிலேயே விற்பனைக்கு வரும் இளசு. அதைக் குடித்துவிட்டு வட்டாரத்தையே எடைபோடுவது பெரிய அநியாயம். அதே மண்ணில் தனிப்பெயர் பெற்ற 10 ஊர்ப் பகுதிகள் இருக்கின்றன. மோர்கோன் அவற்றில் ஒன்று. 1936-லேயே அங்கீகாரம் பெற்றது.

மறுநாளே வில்லியே-மோர்கோன் போய்ச் சேர்ந்தேன். கோத் து பீ என்ற குன்றில் ஏறினால் இடுப்புயரம்கூட இல்லாத கொடிகள், ஒவ்வொன்றும் குட்டை மரம்போலத் தனித்தனியாக நிற்கின்றன. காலடியில் கிடந்த கல்லை எடுத்து அழுத்தினேன், கையிலேயே பொடிந்தது. இதற்கு ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ‘அழுகிய பாறை’. மோர்கோனுக்கு மூலமான கமே திராட்சை தேடி வந்த வீடு இதுதான் என்று அங்கே நிற்கும்போது தோன்றியது. 1395-ல் பர்கண்டியின் கோமகன் பிலிப், கமே கொடிகளைத் தன் நிலத்திலிருந்து பிடுங்கி எறியச் சொன்னார். மட்டமான, நம்பத்தகாத செடி என்பது அவர் தீர்ப்பு. நல்லவேளை, தெற்கே இருந்த போஜொலே அவர் ஆட்சிக்குள் வரவில்லை!

பழங்களைப் பெரும்பாலும் கையால்தான் பறிக்கிறார்கள். குலையை உதிர்க்காமல் முழுசாகவே தொட்டியில் போடுகிறார்கள். கரியமில வாயு சூழ்ந்த அந்தத் தொட்டிக்குள், நசுங்காத பழத்தின் உள்ளேயே நொதித்தல் தொடங்கிவிடுகிறது. பழவாசனை அவ்வளவு துல்லியமாகத் தங்குவதும், துவர்ப்பு அடங்கி நிற்பதும் அதனால்தான். ஊர்க்காரரான மார்செல் லப்பியேர், வேதியியல் அறிந்த ஒயின் வணிகர் ஜூல் ஷொவேயின் வழியைப் பின்பற்றி, ரசாயனங்களை ஒதுக்கி ஒயின் செய்து காட்டினார். இன்று ‘இயற்கை ஒயின்’ என்று உலகம் பேசுவதில் பெரும்பங்கு இந்த இருவருக்கும் உண்டு.

நிலவறையில் ஒரு பெரியவர் பத்து வயதுக் குப்பி ஒன்றைத் திறந்து ஊற்றினார். செர்ரி பின்வாங்கி, ஈர மண்ணும் காய்ந்த இலையும் காளானும் முன்னால் வந்து நின்றன. “மோர்கோன் ஆகிவிட்டது, பாருங்கள்” என்றார். இப்படி முதிர்வதைச் சொல்ல, ஊர்ப் பெயரையே வினைச்சொல்லாக்கி வைத்திருக்கிறார்கள் அங்கே!

சாப்பாட்டுக்கு வருவோம். எனக்கு முதலிடம் லியோன் பன்றிச் சாசேஜுக்குத்தான். பிஸ்தா பதித்து, வெண்ணெய் ரொட்டிக்குள் பொதிந்து சுட்டது. கொழுப்பு வாயில் படியப் படிய ஒயினின் புளிப்பு வந்து துடைக்கிறது. அடுத்த துண்டுக்கு நாக்கு தயார். வறுத்த கோழிக்கும் பொருந்தும். தட்டில் வழிந்தோடும் சேன்-மார்செலான் பாலாடைக்கட்டியோடு கொஞ்சம் ரொட்டி இருந்தாலே எனக்குப் போதும். சிவப்பு ஒயினைக் குளிர்விக்கக் கூடாது என்பார்கள். இதை அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வையுங்கள். 14 டிகிரிக்கு வந்தால்தான் அந்தப் பூவாசம் எழும்.

பெரியவரிடம் ஆறு குப்பி வாங்கினேன். நான்கு தீர்ந்துவிட்டன. மீதி இரண்டும் பத்து வயது ஆகட்டும் என்று படுக்க வைத்திருக்கிறேன்.