ஊரும் காலனியும்: ஒரு சொல்லின் அரசியல்

2025 ஏப்ரல் 29 அன்று தமிழகச் சட்டமன்றத்தில் முதல்வர் மு.க. ஸ்டாலின், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். அது தீண்டாமையின் குறியீடாகவும் வசைச்சொல்லாகவும் ஆகிவிட்டது என்பது சொல்லப்பட்ட காரணம். அதே ஆண்டு அக்டோபரில், தெருக்கள், குடியிருப்புகள், நீர்நிலைகள் ஆகியவற்றின் சாதிப் பெயர்களை மாற்ற அரசாணையும் வந்தது. வசையைச் சுமந்தவர்கள் 'இந்தச் சொல் ஒழியட்டும்' என்றால் எனக்கு அதில் மறுபேச்சு கிடையாது. ஆனால் ஒரு சொல் எப்படி வசையாகிறது? அதற்குள்ளேயே அழுக்கு இருந்ததா, யாராவது பூசினார்களா? இதைக் கேட்காமல் சொல்லை மட்டும் அடித்துவிட்டுப் போவது யாருக்கு வசதி?

ஆங்கிலத்தின் வழியாக நமக்கு வந்த இச்சொல்லின் வேர் லத்தீன். 'கொலேரே' என்றால் உழுவது, பண்படுத்துவது. 'கொலோனுஸ்' உழவன், குடியேறியவன். ரோமப் பேரரசு தான் பிடித்த மண்ணில் ஓய்வுபெற்ற படைவீரர்களைக் குடியமர்த்திய ஊர் 'கொலோனியா'. ஜெர்மனியின் கொலோன் நகரம் இன்றும் அந்தப் பெயரோடுதான் இருக்கிறது. பிறகு ஐரோப்பியர் கடல் கடந்து பிடித்த நாடுகள் காலனி ஆயின. எறும்புக் கூட்டத்துக்கும் காலனி, தொழுநோயாளிகளை ஒதுக்கிவைத்த இடத்துக்கும் காலனி. இந்தியாவுக்கு வந்தபோது வரிசையாகக் கட்டிய குடியிருப்பு என்று பொருள் கொண்டது: ரயில்வே காலனி, போலீஸ் காலனி. மயிலாப்பூர் சி.ஐ.டி. காலனி என்று முகவரி சொல்கிறவரை யாரும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை. டெல்லியில் டிபன்ஸ் காலனி என்றால் மதிப்பு கூடத்தான் செய்கிறது. அகராதியைப் புரட்டினால் வசை கிடைக்காது.

அது கிடைக்கும் இடம் கிராமம். அங்கே காலனிக்கு எதிர்ச்சொல் 'ஊர்'. இதற்கு முன் அந்த இடத்தில் நின்ற சொல் 'சேரி'. சேர்ந்து வாழும் பகுதி எதுவானாலும் ஒரு காலத்தில் அது சேரிதான். உத்திரமேரூர்ச் சோழர் கல்வெட்டில் பிராமணர் சபைக்கே சேரிகள் உண்டு. அதே சோழர் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகள் பறைச்சேரியைத் தனியாகக் குறிக்கின்றன. போகப்போக அடைமொழி உதிர்ந்தது. சேரி என்றாலே ஒரே அர்த்தம் என்றாகிவிட்டது. 1920களிலிருந்து தொழிலாளர் துறையும், பிற்பாடு அரிசன நலத்துறையும் வாங்கிக்கொடுத்த மனைகளும் தொகுப்பு வீடுகளும் பெரும்பாலும் ஊருக்கு வெளியேதான் அமைந்தன. அவற்றுக்குக் காலனி என்று பெயர் வந்தபோது சேரியைவிட அது கௌரவமாகத்தான் இருந்திருக்கும். ஊர் அந்தக் கௌரவத்தை நெடுநாள் விட்டுவைக்கவில்லை.

நான் இருக்கும் திருத்தணி எல்லைச் சண்டைக்குப் பேர்போனது. மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பின், படாஸ்கர் பரிந்துரையின்படி 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. சித்தூரும் புத்தூரும் ஆந்திராவிலேயே நின்றுவிட்டன. மொழிக்கு எல்லைக்கல் நட்டாயிற்று. ஆனால் கிராமத்துக்குப் புதிதாக வருகிறவரிடம் இந்தப் பக்கம் "ஊர்லயா, காலனிலயா?" என்கிறார்கள், அந்தப் பக்கம் "ஊர்லோனா, காலனீலோனா?" மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. மாலபல்லி, மாதிகவாடா, அரிசனவாடா என்று தெலுங்கில் அடுக்கடுக்காக வந்த பெயர்களும் இதே வழியில் நடந்தவைதான். கேட்டவன் 'நீ என்ன சாதி' என்று கேட்கவில்லை, முகவரிதான் விசாரித்தான். சட்டம் அவனை என்ன செய்யும்? ஆங்கிலச் சொல் இங்கே செய்துகொடுத்த சேவை இதுதான்: சாதியைக் கேட்பதற்கு ஒரு நாகரிகமான வழி.

காலனியம், பின்காலனியம் என்று ஃபனானையும் எட்வர்ட் செய்த்தையும் வைத்துத் தமிழ்ச் சிற்றிதழ்கள் நிறையவே பேசியிருக்கின்றன. அந்தச் சொல்லாடலில் காலனி என்றால் வெள்ளைக்காரன் பிடித்த நாடு. ஊர்க்கோடியில் இருக்கும் காலனி கோட்பாட்டின் கண்ணில் அபூர்வமாகத்தான் பட்டது. பட்டிருந்தால் ஒரு தலைகீழ் தெரிந்திருக்கும். ரோமில் காலனிக்காரன் வென்றவன், பிறர் மண்ணில் உட்கார்ந்தவன். இங்கே காலனிக்காரன் மண் இல்லாதவன். அப்படியானால் மண்ணில் உட்கார்ந்தவன் யார்? ஊர்க்காரன். அவன் தன் இருப்பிடத்துக்கு அடைமொழி எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. ஊர் என்ற முழுமையைத் தனதாக்கிக்கொண்டு மிச்சத்துக்குப் பெயர் சூட்டினான்.

பெயரை யார் வைக்கிறார்கள் என்பதும் முக்கியம். பஞ்சமர், பறையர் என்பவற்றுக்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்ற பெயரை 1922இல் சென்னைச் சட்டமன்றத்தில் எம்.சி. ராஜா கேட்டு வாங்கினார். 1930களில் காந்தி கொடுத்த 'ஹரிஜன்' என்ற பெயரை அம்பேத்கர் ஏற்கவில்லை. ஆனால் கேட்டு வாங்கிய பெயரும் தப்பவில்லை, 'ஏ.டி.' என்று சுருங்கிக் காலனியின் முன்னால் ஒட்டிக்கொண்டது. 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் பக்கத்து வீட்டு உயரமான சுற்றுச்சுவர் இடிந்து 17 பேர் செத்தது ஏ.டி. காலனியில்தான். அந்த இடத்துக்கு 'நகர்' என்று பெயர் இருந்திருந்தால் சுவர் விழாமல் நின்றிருக்குமா?

ஆவணத்திலிருந்து சொல்லை நீக்குவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 1892 முதல் ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலங்களுக்குப் பதிவேட்டில் 'டி.சி. நிலம்' என்று பெயர். கேட்க நன்றாயில்லாத அந்த இரண்டு எழுத்துகள்தான் இன்று நிலத்தை மீட்பதற்குச் சாட்சி. அந்த மண்ணைக் கேட்ட போராட்டத்தில்தான் 1994 அக்டோபரில் காரணை விவகாரத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்கு ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் பலியானார்கள். இழிவைச் சொல்லும் எழுத்தே உரிமையையும் சொல்லும். சாலை, குடிநீர், சுடுகாட்டுப் பாதை எங்கெங்கே மறுக்கப்பட்டது என்பதற்கான தடம் 'காலனி' என்ற பதிவில் கிடக்கிறது. புதுப்பெயர் எழுதும் கை அந்தத் தடத்தையும் அழித்துவிடக் கூடாது.

சொல்லை விட்டு இடத்தையே மாற்றும் முயற்சியும் நடந்ததுண்டு. 1997இல் அறிவித்த சமத்துவபுரத்தில் 100 வீடுகளில் 40 ஆதிதிராவிடருக்கு, மற்றவை பிற சாதியினருக்கு. நல்ல யோசனைதான். ஆனால் அது புதிய இடம். பழைய ஊர் தன் இடத்தில் அப்படியே இருந்தது.

ஆகவே நான் கேட்பது மூன்று. புதுப்பெயரை அங்கே வாழ்கிறவர்கள் தீர்மானிக்கட்டும். பழைய பெயரும் அதோடு சேர்ந்த மறுப்புகளும் ஒரு தனிப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கட்டும். ஊர், காலனி என்ற இரண்டு கணக்கு போய் ஒரே ஊர், ஒரே பெயர், ஒரே சுடுகாடு என்றாகட்டும். தேர் எல்லாத் தெருவுக்கும் வரட்டும், பிணம் பொதுப்பாதையில் போகட்டும். அதற்குப் பிறகு காலனி என்ற சொல் அகராதியில் பாட்டுக்குக் கிடந்துவிட்டுப் போகட்டும், யாருக்கும் நஷ்டமில்லை.